குறிப்புக் கொடுத்தலும் கூடி எழுதுதலும்

எமது பாடசாலைகளிலே கல்வி என்பது பெரும்பாலும் குறிப்புக் கொடுத்தலும் குறிப்பெழுதுதலுமாகவே இருந்து வருகின்றது. கீழ் வகுப்புக்களிலே சொல்வதெழுதல் என்ற பெயருடன் தொடங்கும் இப்பயிற்சி, உயர்தர வகுப்பில் இலக்கிய விமர்சனம் கற்பிக்கப்படும் வேளையிலும் பெயர் மாறித் தொடர்கின்றது. ஆசிரியர் வாசிக்கின்றார்; மாணவர் எழுதுகின்றனர்; ஈராண்டின் பின் பரீட்சை மண்டபத்திலே அதே குறிப்பு, இரண்டொரு எழுத்துப் பிழைகளுடன், திரும்பி வருகின்றது. ஒரு நாவலின் கதாபாத்திரத்தைப் பற்றிய விடைகள் கட்டுக்கட்டாக ஒரே வாக்கியத்திலே தொடங்குவதைக் கண்டு விடைத்தாள் திருத்துவோர் எவரும் இன்று வியப்பதில்லை. அவ்வாக்கியம் யாருடையது? எழுதிய மாணவனுடையதன்று, வாசித்த ஆசிரியருடையதும் பெரும்பாலும் அன்று. உரியவர் எவரென்று அறியப்படாத வாக்கியங்களே எமது வகுப்பறைகளில் ஆட்சி செய்கின்றன.

கருவிகள் மாறினால் இந்நிலை மாறும் என்று நம்புவோர் பலர். ரோனியோ இயந்திரம் வந்து போயிற்று. நிழற்பிரதி இயந்திரம் வந்து நிலைத்தது. 2020ஆம் ஆண்டிலே கொரோனாப் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. அங்கு பெரும்பாலும் நடந்தது யாது? ஆசிரியரின் குறிப்பேட்டுப் பக்கங்கள் படம்பிடிக்கப்பட்டு வட்ஸ்அப் வழியே சென்றன. மாணவர் அவற்றைத் தம் கொப்பிகளில் எழுதி, அவற்றையும் படம்பிடித்துத் திருப்பி அனுப்பினர். கருவி இருபத்தோராம் நூற்றாண்டினது, உறவோ பழையது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் அறிவுக்கும் இடையேயுள்ள உறவு மாறாதவரை, கருவியின் மாற்றம் குறிப்பு எவ்வழியாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே மாற்றும்.

இப்பின்னணியிலேதான் விக்கி எனப்படும் கூட்டெழுத்து முறையைப் பற்றி நாம் பேச வேண்டியுள்ளது. ஆசிரியரும் மாணவரும் இணையத்தின் வழியே ஒன்றுகூடி எழுதுவதற்கு விக்கி தக்க கருவி என்று கல்வித்துறையினர் சொல்லத் தொடங்கி இப்போது இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இதனை வெறுப்போரும் உளர், வழிபடுவோரும் உளர். எவரும் எழுதலாம் என்பதால் எதையும் நம்பலாகாது என்பர் முதற் கூட்டத்தார். எவரும் எழுதலாம் என்பதால் அறிவு மக்களுடைமை ஆகிவிட்டது என்பர் இரண்டாம் கூட்டத்தார். இருசாராரும் விக்கியின் முகப்புப் பக்கத்தை மாத்திரமே கண்டவர்கள். அப்பக்கத்தின் பின்னே இருப்பதைக் கண்டிருப்பின் வெறுப்பும் வழிபாடும் ஒருங்கே தணிந்திருக்கும்.

விக்கியின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்கக் கணினி நிரலாளரான வார்ட் கன்னிங்ஹாம் என்பவர், தம்மைப் போன்ற நிரலாளர்கள் தத்தம் அனுபவங்களை ஒரே இடத்தில் எழுதித் திருத்திக்கொள்ளும் பொருட்டு 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதலாவது விக்கியை இயங்கவிட்டார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து இச்சொல்லை அவர் எடுத்தார். ஹவாய் மொழியிலே அதற்கு ‘விரைவு’ என்பது பொருள். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தோன்றியது. இன்று பெருவழக்கிலுள்ள விக்கி மென்பொருள் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னே இரண்டு பகுதிகளைப் பேணுகின்றது. ஒன்று வரலாறு: எந்தச் சொல்லை, எந்தப் பெயரில் எழுதுபவர், எப்போது சேர்த்தார் அல்லது நீக்கினார் என்பது முழுவதும் அங்கே பதிவாகியிருக்கும். மற்றையது உரையாடற் பக்கம்: ஏன் சேர்க்க வேண்டும், ஏன் நீக்க வேண்டும் என்ற வாதம் அங்கே நடைபெறும்.

இவ்விரண்டுமே விக்கியின் உயிர் என்பது எமது கருத்து. தமிழ் படித்த எமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த காலத்திலிருந்தே, பாடபேதங்களைக் காட்டாத பதிப்பு குறையுடைய பதிப்பு என்ற உணர்வு எமது புலமை மரபிலே வளர்ந்து வந்துள்ளது. ஓரிடத்தில் இச்சொல்லும் மற்றோரிடத்தில் அச்சொல்லும் உள. இவற்றுள் இன்ன காரணத்தால் இதனைக் கொண்டோம் என்று கூறும்போதே பதிப்பாசிரியர் வாசகனைத் தம்மோடு சரியாசனத்தில் இருத்துகின்றார். ஆனால் பாடசாலைக்கு வரும்போது பாடபேதங்கள் மறைந்துவிடுகின்றன. மாணவனுக்கு வழங்கப்படுவது முடிந்த முடிபு. அம்முடிபுக்கு வந்த வழி அவனுக்கு மறைக்கப்படுகின்றது. வழி மறைக்கப்பட்ட அறிவு கட்டளையாகின்றது. விக்கியின் வரலாற்றுப் பக்கம் அவ்வழியைத் திறந்து காட்டுவதாலேயே கல்விக்கு உரியதாகின்றது.

இக்கூற்றை ஓர் உண்மை நிகழ்ச்சி கொண்டு சோதித்துப் பார்ப்போம். கனடாவின் வன்கூவர் நகரிலுள்ள பிரித்தானியக் கொலம்பியப் பல்கலைக்கழகத்திலே, ஜோன் பீஸ்லி மறே என்னும் விரிவுரையாளர் 2008ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலத்தீன் அமெரிக்க இலக்கியம் பற்றிய பாடமொன்றை நடத்தினார். தவணைக் கட்டுரை எழுதி விரிவுரையாளரிடம் ஒப்படைத்து, புள்ளி பெற்று, பின் மறந்துவிடும் வழக்கத்தை அவர் கைவிட்டார். மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து, தாம் கற்கும் நாவல்களையும் ஆசிரியர்களையும் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவிலே கட்டுரை எழுத வேண்டும். அக்கட்டுரை அங்குள்ள பங்களிப்பாளரின் பரிசீலனைக்கு உட்பட்டு, ‘நல்ல கட்டுரை’ என்றோ அதனினும் மேலான ‘சிறப்புக் கட்டுரை’ என்றோ ஏற்கப்பட வேண்டும் என்று இலக்கு வகுத்தார். தவணை முடிவிலே மூன்று கட்டுரைகள் சிறப்புக் கட்டுரைகளாகவும் எட்டு நல்ல கட்டுரைகளாகவும் ஏற்கப்பட்டன.

முதலிற் சிறப்புத் தகுதி பெற்ற கட்டுரை, குவாத்தமாலா நாட்டு எழுத்தாளர் மிகெல் ஏஞ்சல் அஸ்தூரியாஸ் எழுதிய ‘ஜனாதிபதி அவர்கள்’ என்று நாம் தமிழிற் பெயரிடக்கூடிய நாவலைப் பற்றியது. 1967இல் நோபல் பரிசு பெற்ற அஸ்தூரியாஸ் இந்நாவலை 1933இல் எழுதி முடித்தார். தாய்நாட்டிலே ஹோர்கே உபிக்கோவின் சர்வாதிகாரம் நிலவியமையால் 1946 வரை அது நூலாக வெளிவரவில்லை. அதற்கு முந்திய சர்வாதிகாரியான மனுவல் எஸ்ற்ராடா கப்ரேராவின் ஆட்சியே நாவலின் நிலைக்களன். தேவாலய வாயிலில் உறங்கும் பிச்சைக்காரருள் புத்தி பேதலித்த ஒருவன், தன்னைச் சீண்டிய இராணுவ அதிகாரியைக் கொன்றுவிடுகின்றான். ஆட்சிக்கோ அக்கொலையை ஒரு தளபதியின்மீது சுமத்த வேண்டிய தேவை. ஆகவே கண்டதைக் கண்டபடி கூறிய பிச்சைக்காரர் சித்திரவதை செய்யப்பட்டு, ஆட்சி விரும்பிய வாக்கியத்தைச் சொல்ல வைக்கப்படுகின்றனர். இறுதிவரை உண்மையையே கூறிய குருட்டுப் பிச்சைக்காரன் மடிகின்றான். மற்றையோர் அனைவரும் ஒரே வாக்கியத்தை ஒப்புவிக்கின்றனர்.

சர்வாதிகாரம் என்பது பல சாட்சியங்களை அழித்து ஒரே வாக்கியத்தை நிலைநிறுத்துவது என்று இந்நாவல் காட்டுகின்றது. அந்நாவலைக் கற்கும் மாணவன் விரிவுரையாளரின் ஒரே வாக்கியத்தை ஒப்புவித்துப் புள்ளி பெறுவானாயின், அவன் நாவலைக் கற்றவனாவானா? உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தழுவ வேண்டும் என்று இலக்கியத்திற்குச் சொல்லும் நாம், இலக்கியம் கற்பிக்கும் முறைக்கு மாத்திரம் விதிவிலக்கு அளிப்பது எங்ஙனம்? வன்கூவர் மாணவர் செய்த வேலை அப்பாடத்தின் உள்ளடக்கத்துக்கு ஏற்ற உருவம் உடையது. ‘இக்கூற்றுக்கு ஆதாரம் எங்கே?’ என்று முகமறியாத ஒருவர் உரையாடற் பக்கத்திற் கேட்டபோது, ஆசிரியர் சொன்னார் என்ற விடை அங்கே செல்லாது. மாணவர் நூலகத்துக்குச் சென்றனர்; நூல்களை ஒப்புநோக்கினர்; எழுதியதை அழித்து மீண்டும் எழுதினர். விரிவுரையாளர் விதித்த இலக்கை அடைந்தார்களா என்று தீர்ப்பளிக்கும் உரிமையும் அவரிடம் முழுமையாக இல்லாமற் போயிற்று. அதிகாரத்தின் ஒரு பகுதியைத் துறக்க அவர் ஒப்பினார் என்பதே இந்நிகழ்ச்சியில் நாம் முதன்மையாக மதிக்க வேண்டியது.

ஆயினும் இது எங்கும் கைகூடும் என்று கொள்ளுதல் வேண்டா. இங்கிலாந்தின் பல்கலைக்கழகமொன்றில் மெலிசா கோல் என்பவர் தம் பாடத்தில் விக்கியைப் புகுத்திய அனுபவத்தை 2009இல் வெளியிட்டார். மாணவர் தாமே பாடப்பொருளை விக்கியில் வளர்ப்பார்கள் என்ற எதிர்பார்ப்புடன் பாடம் ஒழுங்குசெய்யப்பட்டது. அதிலிருந்து பரீட்சையில் வினா வரும் என்ற ஊக்கமும் அளிக்கப்பட்டது. ஐந்து வாரங்கள் கழிந்தன; விக்கியில் ஒரு பதிவுதானும் இடப்படவில்லை. பிற பாடங்களின் சுமை, பலர் பார்க்க எழுதுவதற்கான தன்னம்பிக்கையின்மை ஆகியவை மாணவர் கூறிய காரணங்களுள் முக்கியமானவை. இத்தோல்வியை மறைக்காது வெளியிட்டமைக்காக அவ்வாய்வாளருக்கு ஆசிரிய உலகம் கடமைப்பட்டுள்ளது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கருவி ஏறத்தாழ ஒன்றே; விளைவோ நேரெதிர். வேறுபாடு எங்கே உளது? வன்கூவரிலே எழுத்துக்கு வகுப்பறைக்கு வெளியே உண்மையான வாசகன் இருந்தான். எழுதுதலும் திருத்துதலுமே பாடத்தின் மைய வேலையாயின. அவ்வேலைக்கே புள்ளி வழங்கப்பட்டது. மற்றைய இடத்தில் விக்கி, பழைய பாடத்தின்மேல் ஏற்றப்பட்ட மேலதிகச் சுமையாக நின்றது. எமது பாடசாலைகளிலே ‘ஒப்படை’ என்றும் ‘செயற்றிட்டம்’ என்றும் சொல்லப்படும் வேலைகளுக்கு நேர்ந்த கதியை அறிந்த ஆசிரியர் எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பரீட்சை தனியொருவனின் நினைவாற்றலை மாத்திரம் அளக்கும் சமுதாயத்தில், கூடி உழைக்குமாறு மாணவனை வேண்டுவது, ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவனை நின்று மற்றவனின் கையைப் பிடிக்குமாறு கேட்பதை ஒக்கும். அவன் மறுத்தாற் குற்றம் அவனுடையதன்று, பந்தயத்தை ஒழுங்குசெய்தவர்களுடையது.

இனி, விக்கியின் குறைகளையும் நோக்குவது விமர்சகனின் கடமை. விக்கிப்பீடியா தன்னை நடுநிலையானது என்று சொல்லிக்கொள்கின்றது. வெளியிடப்பட்ட நம்பத்தகுந்த ஆதாரம் உள்ளதே அங்கே ஏற்கப்படும். இவ்விதி புரளிக்கு எதிரான அரண் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சு யாருடைய கையில் இருந்தது? கனடாவின் பௌதிகவியல் அறிஞர் டொனா ஸ்ட்ரிக்லண்டைப் பற்றி ஒருவர் எழுதிய வரைவு, அவர் முக்கியத்துவம் உடையவர் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2018 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அறிவிக்கப்பட்ட பின்னரே பக்கம் பிறந்தது. விக்கிமீடியா நிறுவனமே 2011இல் நடத்திய கணிப்பின்படி பங்களிப்போரிற் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எவரும் எழுதலாம் என்ற வாசகத்துக்கும் எவர் எழுதுகின்றனர் என்ற உண்மைக்கும் இடையே இருப்பது ஓய்வு நேரம், கல்வி, கணினி, வீட்டு வேலை ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வு. அதாவது, சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வே.

அச்சேறாத அறிவின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கரைவலை இழுப்போர் காற்றையும் நீரோட்டத்தையும் குறிக்க வழங்கும் சொற்களும், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டுக்களின் பின்னணியும், கோயில் வாயில் மறுக்கப்பட்டோர் தம் போராட்டத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளும் நூலிலே முழுமையாக இடம்பெறவில்லை. நூலில் இல்லாதது விக்கியில் ஏறாது. விக்கியில் இல்லாதது நாளை இல்லாததாகவே கொள்ளப்படும். வாய்மொழியையும் ஆதாரமாகக் கொள்ளலாமா என்ற சோதனை 2011இல் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் செய்யப்பட்டதுண்டு. ஆனால் விதி மாறவில்லை. இவ்விடத்திலேயே ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு பெரும் பணி காத்திருக்கின்றது. வாய்மொழியை முறையாகச் சேகரித்து, சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்து, பாடசாலை மலரிலோ பிராந்திய சஞ்சிகையிலோ அச்சேற்றுவது முதற்படி. அச்சேறியதைப் பொதுவெளிக்குக் கொண்டு செல்வது இரண்டாம் படி. 2005இல் தொடங்கப்பட்டு, விக்கி மென்பொருளிலேயே இயங்கிவரும் ‘நூலகம்’ மின்னூலகம், ஈழத்துச் சஞ்சிகைகளையும் சிறு வெளியீடுகளையும் பாடசாலை மலர்களையும் எண்ணிமப்படுத்திப் பேணுவதால் இவ்விரு படிகளையும் இணைக்கும் பாலம் ஏற்கனவே உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயத்துக்கு, ஒரு பிரதி பல இடங்களில் இருப்பதன் பயனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் இம்முயற்சிக்கு முன்னோடிகள் உளர் என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டார். 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். அவரிடம் பயின்ற மாணவர் மொழிபெயர்க்க, அவர் பார்வையிட்டுத் திருத்த, கலைச்சொற்களைக் கூடி ஆராய்ந்து அந்நூல்கள் உருவாயின. மிஷன் சமயப் பணியின் நோக்கங்கள் வேறு. அவற்றை நாம் விமர்சிக்கத் தவறலாகாது. ஆனால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தமிழில் அறிவியலை ஆக்கினர் என்ற உண்மை அதனாற் குறைவுபடாது. குறை வேறொன்று. இன்று நாம் கிறீன் நூல்கள் என்றே அவற்றைச் சொல்கின்றோம். எந்தச் சொல்லை எந்த மாணவன் முன்மொழிந்தான், எதனை யார் மறுத்தார் என்பதை அச்சுப்பக்கம் சொல்வதில்லை. அம்மாணவரின் உழைப்பு ஆசிரியரின் பெயருக்குள் அடங்கிப்போயிற்று. விக்கியின் வரலாற்றுப் பக்கம் அக்காலத்தில் இருந்திருப்பின் அவ்வுழைப்பு இன்று எமக்குத் தெரிந்திருக்கும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை அதன் முதற் கட்டத்திலே வளர்த்தெடுத்தவர்களுள் தலையாயவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின. அதன் உரையாடற் பக்கங்களை வாசிப்போர், தமிழ் மொழியைப் பற்றிய ஓர் உயிருள்ள வாதத்தைக் காண்பர். நாம் பௌதிகவியல், இரசாயனவியல் என்பவற்றைத் தமிழ்நாட்டார் இயற்பியல், வேதியியல் என்பர். எந்தப் பெயரில் கட்டுரை அமைவது? ஒரு பெயர் தலைப்பாக, மற்றது அதற்கு இட்டுச்செல்லும் வழிமாற்றாக அமைகின்றது. இதனைச் சிறு செய்தி என்று தள்ளலாகாது. பெருந்தொகையினரின் வழக்குத் தலைப்பாவதும் சிறுதொகையினரின் வழக்கு வழிமாற்றாவதும் ஜனநாயகத்தின் பழைய சிக்கலே. ஆயினும் எமது சொல் அழிக்கப்படாமல் வாயிலிலேனும் நிற்பதற்கு எம்மவர் அங்கே சென்று வாதிட்டமையே காரணம். செல்லாதவரின் சொல்லுக்கு வாயிலும் இல்லை.

2010ஆம் ஆண்டளவிலே கூகுள் நிறுவனம் கூலி மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திரத்தின் துணையுடன் தமிழாக்கித் தமிழ் விக்கிப்பீடியாவில் இடுவித்தது. கட்டுரைகளின் தொகை பெருகியது. ஆனால் வாக்கியங்கள் தமிழாக இல்லை, எடுத்துக்கொண்ட பொருள்கள் தமிழ் வாசகரின் தேவையிலிருந்து பிறக்கவில்லை என்று தமிழ்ப் பங்களிப்பாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர். உரையாடற் பக்கத்திற்கு வந்து பதில் சொல்லாத எழுத்து, எவ்வளவு நீளமானதாயினும், கூட்டெழுத்து ஆகாது என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம்.

அன்று அது ஒரு நிறுவனத்தின் ஒரு திட்டம். இன்று அதே கேள்வி ஒவ்வொரு வகுப்பறையின் வாயிலிலும் வந்து நிற்கின்றது. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் மாணவன் கேட்ட மாத்திரத்தில் கட்டுரையை எழுதித் தருகின்றன. அவ்வியந்திரங்கள் பயின்ற நூற்றொகுதிகளுள் விக்கிப்பீடியாவும் ஒன்று. ஊதியமின்றி எழுதிய ஆயிரமாயிரம் கைகளின் உழைப்பு அங்கே மூலப்பொருளாகின்றது. திரும்பி வரும் விடையிலோ வரலாற்றுப் பக்கம் இல்லை. உரையாடற் பக்கம் இல்லை. இச்சொல்லை யார் சேர்த்தார் என்று கேட்க வழியில்லை. வகுப்பறைக் குறிப்பின் பழைய ஆட்சி புதிய உடையுடன் திரும்பி வருகின்றது என்றே நாம் அஞ்சுகின்றோம். குறிப்பை ஒப்புவித்துப் பழகிய மாணவன் இவ்வியந்திரத்தின் வாக்கியத்தை ஐயமின்றி ஏற்பான். ஏனெனில் உரியவர் தெரியாத வாக்கியத்தை நம்புமாறு அவனைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயிற்றியவர்கள் ஆசிரியர்களே. வாக்கியத்தின் பிறப்பை விசாரித்துப் பழகிய மாணவனையே இயந்திரம் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆகவே எமது பாடசாலைகளில் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, எழுத்துக்கு உண்மையான வாசகன் வேண்டும். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதி, ஒரு குளத்தின் வரலாறு, ஒரு தொழிலின் சொற்றொகுதி என்பவற்றில் ஒன்றை ஐந்தாறு மாணவர் சேர்ந்து எழுதட்டும். அதனை அடுத்த ஆண்டு மாணவர் வாசித்துத் திருத்தட்டும். இரண்டாவதாக, திருத்துதல் வேலையாக மதிக்கப்பட வேண்டும். ஈற்றில் நிற்கும் கட்டுரைக்கு மாத்திரமன்றி, அதற்கு வந்த வழிக்கும், மற்றவனின் பந்தியைச் செம்மைப்படுத்தியமைக்கும், தக்க கேள்வி கேட்டமைக்கும் புள்ளி வழங்கப்படுதல் வேண்டும். ஆனால் எத்தனை முறை திருத்தினான் என்று எண்ணிப் புள்ளியிடும் கணக்கப்பிள்ளை முறை ஆகாது. காற்புள்ளிகளை நூறு முறை மாற்றுவோனே அப்போது முதல்வனாவான். தமிழ்நாட்டு அரசு 2010இல் கல்லூரி மாணவருக்காகத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. நல்ல நோக்கமே. எனினும் போட்டியும் பரிசும் தனியொருவரை முன்னிறுத்துவன. கூடி எழுதுதலுக்கு வேறொரு ஊக்கம் தேவை.

மூன்றாவதாக, ஆசிரியரும் அதே பக்கத்தில், அதே விதிகளுக்கு அமைய எழுத வேண்டும். தம் வாக்கியத்தின்மீது மாணவி ஒருத்தி ‘ஆதாரம் தேவை’ என்று குறித்தால், அதனைத் துடுக்கு என்று கொள்ளாது, ஆதாரம் தர வேண்டும். தர இயலாதெனின் வாக்கியத்தை நீக்க வேண்டும். இதற்கு ஒப்பாத ஆசிரியரின் கையில் விக்கி, சுவரில்லாத இடத்திலும் அறையப்பட்ட கரும்பலகையாகவே இருக்கும். நான்காவதாக, மாணவரின் பாதுகாப்பு. எல்லாவற்றையும் பேணும் வரலாற்றுப் பக்கம் பிள்ளைகளின் பெயரையும் பேணும். ஆதலாற் பொதுவெளியில் அவர்கள் புனைபெயரிலேயே எழுத வேண்டும். தொடக்கப் பயிற்சி பாடசாலைக்குள் அமைந்த விக்கியில் நடைபெறுதல் நன்று.

கணினி அறை பூட்டிக் கிடக்கும் பாடசாலையிலும், கணினியே இல்லாத தோட்டப் பாடசாலையிலும் இவையெல்லாம் எங்ஙனம் நிகழும் என்று கேட்பது நியாயம். வசதியுள்ள பாடசாலைக்கு இணையமும் வசதியற்ற பாடசாலைக்கு அறிவுரையும் என்ற நிலை நீடிக்குமாயின், விக்கியும் வர்க்கப் பிரிவினையின் இன்னொரு சின்னமாக முடியும். எல்லாப் பாடசாலைக்கும் கணினியும் இணைப்பும் வேண்டும் என்ற கோரிக்கையை ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையுடன் சேர்த்தே எழுப்ப வேண்டும். அதுவரையும் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எமது பாடசாலைகளில் கையெழுத்துச் சஞ்சிகை நடத்திய மரபு உண்டு. ஒரு தடித்த கொப்பி. வலப்பக்கம் கட்டுரை, இடப்பக்கம் கேள்விகளும் மறுப்புக்களும். அழித்த வரியை மறைக்காமல் ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பெயரிடும் ஒழுக்கம். வரலாற்றுப் பக்கமும் உரையாடற் பக்கமும் அக்கொப்பியிலேயே அமைந்துவிடும். மின்னிணைப்பு வரும் நாளில் அம்மாணவர் கருவியை ஆளத் தெரிந்தவராக இருப்பர்.

அறிவு பலரின் உழைப்பால் ஆவது. அவ்வுழைப்பின் தடம் வெளியே தெரிய வேண்டும். எந்த வாக்கியத்தையும் எவரும் கேள்வி கேட்கலாம். கேட்டவர் திருத்தவும் கடமைப்பட்டவர். இந்நான்கும் ஒரு மென்பொருளின் விதிகளாகத் தோன்றலாம். நல்ல சமுதாயம் ஒன்றின் விதிகளும் இவையே என்பது எமது துணிபு. அத்தகைய சமுதாயம் எங்கேனும் பயிலப்பட வேண்டுமாயின், அதற்கு வகுப்பறையினும் பொருத்தமான இடம் வேறில்லை. வரும் தவணையில் ஒரு பாடத்தையேனும், குறிப்புக் கொடுக்காமல், மாணவருடன் கூடி எழுதிப் பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களை வேண்டுகின்றோம். ஆசிரியர் தயங்குமிடத்து மாணவர் தாமே தொடங்கட்டும்.